எடைக்குப் போடப்பட்ட வரலாறு: மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நூலக ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் மாவட்ட நூலக அலுவலருக்கும்,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அரசியல், வரலாறு, பண்பாடு ஆகிய பிரிவுகளில் இருந்த இடதுசாரி நூல்களில் பெரும்பகுதி, கழிவு நூல்கள் என்று குறிக்கப்பட்டு, மூட்டை கட்டப்பட்டு, பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடப்பட்டுவிட்டது. கிழிந்த நூல்களோடு கிழியாத நூல்களும் போயின. இன்றும் அச்சில் உள்ள நூல்களோடு, இனி எந்தக் கடையிலும் விலை கொடுத்து வாங்க முடியாத நூல்களும் போயின. வாசகர் வட்டத்தின் சார்பில் நாங்கள் கேட்டபோது, இவற்றை இப்போது யாரும் எடுப்பதில்லை என்றும், போட்டித் தேர்வு நூல்களுக்கு இடம் தேவைப்பட்டது என்றும், எப்படியும் இவை கொஞ்சம் பிரச்சினையான நூல்கள் என்றும் வாய்மொழியாக விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தை எழுத்தில் கேட்டோம், இன்றுவரை வரவில்லை. அதனால்தான் ஊரார் அனைவரும் படிக்கும்படி இம்மடலை எழுதுகிறேன்.

ஊரின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. மேலிருந்து வந்த வாய்மொழி உத்தரவை நிறைவேற்றிய கடைநிலை ஊழியர் ஒருவர் மீது பழி விழுந்து, முடிவெடுத்தவர்கள் விலகி நின்றுவிடக் கூடாது என்பதே காரணம். எந்தக் கிளை, எந்த நூல்கள் என்பது உங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் கொடுத்த மனுவில் விவரமாக இருக்கிறது.

செய்தி கேள்விப்பட்டு வாசகர் வட்ட உறுப்பினர்கள் சிலர் அந்தக் கடைக்குப் போனோம். கடையில் அட்டைக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை என்பதால், கெட்டி அட்டை போட்ட நூல்களின் அட்டைகளை ஏற்கெனவே கிழித்துத் தனியே அடுக்கியிருந்தார்கள். நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ அட்டையில்லாமல் கிடந்தது. தலைப்புப் பக்கத்தில் நம் நூலகத்தின் முத்திரை, அதன் கீழே நீல மையில் சேர்க்கைப் பதிவேட்டு எண். உள்ளே நடவுப் பாட்டு ஒன்றின் ஓரத்தில், ‘எங்க ஊர்ல வேற மாதிரி பாடுவாங்க’ என்று யாரோ பென்சிலில் எழுதி, தன் ஊரில் பாடும் நான்கு அடிகளையும் சேர்த்திருந்தார். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறுதான். ஆனால் அந்த நான்கு அடிகளை எழுதியவருக்கு வேறு தாள் கிடைத்திருக்குமா, வேறு யாரேனும் அவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார்களா என்று நினைத்தபோது, என்னால் அந்தக் கடையில் அமைதியாக நிற்க முடியவில்லை. கைக்கு எட்டியவற்றை எடை விலைக்கே வாங்கி வந்து பத்திரமாக வைத்திருக்கிறோம். மீதி அரவைக்குப் போய்விட்டது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். கட்சி உறுப்பினராக ஒருபோதும் இருந்ததில்லை. அந்த அலமாரியோடு எனக்கிருந்த உறவு, பாடநூலில் இல்லாதவற்றை மாணவர்கள் கேட்கும்போது அவர்களை அனுப்பிவைக்க ஓரிடம் இருந்தது என்பதே. வகுப்பில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்து, “இது நடந்ததா சார், கதையா?” என்று கேட்டான். அவனை நூலகத்துக்கு அனுப்பினேன். கூலி உயர்வு கேட்ட சங்கத்தின் கதையையும், தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்ததையும் அவன் அங்கே கண்டெடுத்த சிறு வெளியீடுகளில்தான் படித்தான். அடுத்த வாரம் வகுப்பில் அதை அவனே சொன்னான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிறு வெளியீடுகள் இன்று நூலகத்தில் இல்லை.

ஆணைக்குழு உறுப்பினர்கள் இவற்றைக் கட்சிப் பிரச்சார நூல்கள் என்று ஒரே பார்வையில் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே, அங்கே என்னென்ன இருந்தன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தஞ்சைப் பண்ணைகளில் சாணம் கரைத்த நீரைக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலத்தையும், பி. சீனிவாச ராவும் அவருடைய தோழர்களும் 1940களில் கூலி விவசாயிகளைத் திரட்டி அவற்றை ஒழிக்கப் போராடியதையும் அந்தப் போராட்டத்துக்குள் இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டதைச் சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் எழுதினார்கள். 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும், பின்னாளில் அவர் பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் எளிய தமிழில் அறிவியல் எழுதியதும் இந்த நூல்கள் வழியாகத்தான் எங்கள் தலைமுறைக்கு வந்து சேர்ந்தன. ஆலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தோல் பதனிடும் இடங்களிலும் உழைத்தவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிப் பதிப்பிக்கும் நிலையில் இல்லை. அவர்களோடு இருந்து எழுதியவர்கள் பெரும்பாலும் இடதுசாரிகளாக இருந்தார்கள். அந்த நூல்களை அப்புறப்படுத்தினால், அந்த மக்களின் வரலாற்றுக்கு எங்கள் ஊரில் வேறு ஆவணம் கிடையாது.

பண்பாட்டுப் பிரிவில் நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். நாட்டார் வழக்காற்றியல் இன்று தமிழகக் கல்லூரிகளில் ஒரு பாடமாக இருக்கிறதென்றால், அதற்கு அடித்தளம் இட்டவர்களில் அவர் முதன்மையானவர். ஈழத்திலிருந்து க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் எழுதிய திறனாய்வு நூல்கள் இல்லாமல் தமிழ் நாவலையோ சிறுகதையையோ முறையாகப் படிக்கத் தொடங்க முடியாது; அவர்கள் முடிவுகளை மறுப்பவர்களும் அவர்களைப் படித்துவிட்டே மறுக்கிறார்கள். எஸ்.வி. ராஜதுரையின் ‘அந்நியமாதல்’, அவரும் வ. கீதாவும் சேர்ந்து எழுதிய ‘பெரியார்: சுயமரியாதை சமதர்மம்’ ஆகியவையும் மூட்டையில் இருந்தன. பல பத்தாண்டுகள் திராவிட இயக்கத்தின் பெயரால் ஆட்சி நடந்த மாநிலத்தில், பெரியாரின் சமதர்மச் சிந்தனையை ஆண்டுவாரியாக, ஆதாரத்தோடு பேசும் ஒரு நூல் எடைக்குப் போனது என்பதை ஆணைக்குழு கவனிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு நூல்களையும் குறிப்பிட வேண்டும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் செய்த தமிழாக்கங்கள் சில ரூபாய்க்குக் கிடைத்ததால், மாதச் சம்பளம் இல்லாத வீடுகளிலும் டால்ஸ்டாயும் லெர்மன்தவும் லெனினும் இருந்தார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்தப் பதிப்புகள் நின்றுபோயின. சிலவற்றை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் போன்ற பதிப்பகங்கள் மறுபதிப்புச் செய்திருக்கின்றன. பல இன்னும் வரவில்லை. மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலை க.ரா. ஜமதக்னி தமிழாக்கினார்; ஆயுள் கைதியாகச் சிறையில் இருந்தபடி தியாகுவும் தமிழாக்கினார். பொருளாதாரத்தை ஆங்கிலத்தில் படிக்க வழியில்லாத வாசகருக்காகச் செய்யப்பட்ட இத்தகைய உழைப்புக்குக் கிளை நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இவர்களில் பலரின் படைப்புகளைத் தமிழக அரசே நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. ப. ஜீவானந்தம், நா. வானமாமலை, தொ.மு.சி. ரகுநாதன், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதிய வெ. சாமிநாத சர்மா ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மக்கள் வரிப்பணத்திலிருந்து குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து, இவை தமிழ் மக்கள் அனைவருக்கும் உரிய சொத்து என்று அரசு அறிவித்த நூல்களை, அதே அரசின் கீழ் இயங்கும் ஒரு நூலகம் பேப்பர் கடைக்கு அனுப்பியதை நீங்கள் எப்படி நியாயப்படுத்துவீர்கள்? ரகுநாதன் தமிழில் தந்த கார்க்கியின் ‘தாய்’ நாவலை ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தை அந்த நூலகத்தில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் வாழ்நாளில் முழுமையாகப் படித்து முடித்த நாவல் அது ஒன்றுதான்.

யாரும் எடுப்பதில்லை என்ற காரணத்துக்கு வருகிறேன். தேதிச் சீட்டில் விழும் முத்திரை, வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களை மட்டுமே காட்டும். மேசையில் வைத்துப் படித்துவிட்டுப் போனவர்களைக் காட்டாது. அதற்கும் மேலாக, அந்த நூல்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே செய்தித்தாள் மேசைக்குப் பின்னால், ஏணி போட்டு எடுக்க வேண்டிய மேல்தட்டுக்கு மாற்றப்பட்டன. கண்ணில் படாத நூலை வாசகர் கேட்கவில்லை என்று சொல்லி அதை வெளியேற்றுவது, நூலகவியல் அறிந்த எவரும் ஏற்கும் முறையாகாது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது ஒன்று. அந்த வாசகரிடம் நூலைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை அவர் நூலகத்தின் மீதுதான் வைத்தார். அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில்தான் பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் தொடராக வரத் தொடங்கியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்ட மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியை இந்த ஊர் மக்கள் இன்றும் கட்டிவருகிறார்கள்.

போட்டித் தேர்வு நூல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கே வந்து வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளில் பலர் என் மாணவர்கள். அவர்களுக்கு இன்னும் நாற்காலியும் மின்விசிறியும் வேண்டும். ஆனால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பாடத்திட்டத்திலேயே, பத்தொன்பதாம் இருபதாம் நூற்றாண்டுத் தமிழகச் சமூக அரசியல் இயக்கங்கள் ஒரு பகுதியாக இருக்கின்றன. வழிகாட்டி நூல்களில் சிங்காரவேலருக்கு நான்கு வரி இருக்கும். அதற்கு மேல் அறிய விரும்பும் பிள்ளைக்கு அடுத்த அலமாரியில் அவருடைய எழுத்தே இருந்தது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் அதை இல்லாமல் செய்துவிட்டார்கள்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். நாட்டுடைமையான நூல்கள் பல மின்னூலாகக் கிடைப்பது உண்மை. அதைச் செய்தவர்களுக்கு நன்றி. சங்க மாநாட்டு மலர்களும், கம்பி ஊசி அடித்த முப்பது பக்க வெளியீடுகளும், சிறு பதிப்பகங்கள் ஒரே முறை அச்சிட்ட நூல்களும் அவ்வாறு கிடைப்பதில்லை. சென்னை கன்னிமாரா நூலகத்தில் ஒரு பிரதி இருக்கலாம். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் தையல் ஆலை வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்ப் படிக்க முடியாது என்பதற்காகத்தானே கிளை நூலகம் என்ற ஏற்பாடே செய்யப்பட்டது?

என்னை மிகவும் கலங்கச் செய்தது, பிரச்சினையான நூல்கள் என்ற அந்தக் கடைசிக் காரணம். ஒரு நூல் தடை செய்யப்பட வேண்டுமானால் அதற்கென்று சட்டம் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு. அரசு காரணம் காட்டி அறிவிக்கை வெளியிட வேண்டும். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையும் உண்டு. அப்படித் தடை செய்யப்பட்ட நூல் ஒன்றுகூட அந்த மூட்டையில் இருக்கவில்லை. தடை இல்லாத ஒரு நூலை, அரசு செய்யாத ஒன்றைத் தானே செய்து, அறிவிக்கையும் மேல்முறையீடும் இல்லாமல் வாசகரிடமிருந்து அகற்றும் அதிகாரம் நூலகத்துக்கு எங்கிருந்து வந்தது? இத்தகைய நூல்களை வைத்திருப்பதே சந்தேகத்துக்குரியது என்ற எண்ணம் சில ஆண்டுகளாகப் பரவிவருகிறது. அந்த அச்சம் ஒரு நூலகரையும் தொற்றியிருந்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாவோயிஸ்டுகளுக்கு உதவியதாகத் தண்டிக்கப்பட்ட மருத்துவர் பினாயக் சென்னுக்கு 2011இல் பிணை வழங்கிய உச்ச நீதிமன்றம், காந்தியின் சுயசரிதையை வைத்திருப்பதால் ஒருவர் காந்தியவாதி ஆகிவிடுவாரா என்று கேட்டதை நீங்கள் அறிவீர்கள். தனி மனிதர் வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகாதபோது, பொது நூலகம் வைத்திருப்பதில் என்ன பிரச்சினை இருக்க முடியும்?

பகத்சிங் லாகூர்ச் சிறையில் 1930இல் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையை ஜீவா என்று அழைக்கப்பட்ட ப. ஜீவானந்தம் தமிழாக்கி, அது 1935இல் ஈரோட்டில் அச்சானபோது, வெள்ளையர் அரசு அந்த நூலைத் தடை செய்து ஜீவாவைக் கைது செய்தது. அந்த அரசு போய்விட்டது; ஜீவாவின் தமிழ் இருக்கிறது. அதன் மறுபதிப்பு ஒன்றையும் நாங்கள் கடையிலிருந்து மீட்ட நூல்களுக்கிடையே கண்டோம்.

இந்நூல்களில் எழுதியிருப்பதெல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. சோவியத் வெளியீடுகள் பல, 1932–33இல் உக்ரைனில் பட்டினியால் மாண்ட லட்சக்கணக்கான மக்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கூட்டுப்பண்ணையின் வெற்றியை எழுதின. வகுப்பில் நான் அதையும் சொல்லித்தான் கற்பித்தேன். ஸ்டாலின் காலத்தில் எழுத்தாளர்களுக்கு நேர்ந்த கொடுமையைத் தமிழில் விரிவாக எழுதியவர்களுள் இடதுசாரிகளும் உண்டு. ராஜதுரையின் ‘ரஷ்யப் புரட்சி: இலக்கிய சாட்சியம்’ அதற்குச் சான்று. ஒரு நூல் சொல்லாமல் விட்டதை மற்றொரு நூலிலிருந்து கண்டுபிடிக்கத்தான் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டும். இடதுசாரிகளைக் கடுமையாக மறுக்கும் நூல்களையும் வாங்கி வையுங்கள்; நானே முதலில் எடுத்துப் படிப்பேன். நாளை வேறொரு கருத்துடையவர்கள் முடிவெடுக்கும் இடத்துக்கு வந்து, பக்தி நூல்களையோ தேசிய இயக்க நூல்களையோ இதே முறையில் மூட்டை கட்டினால், அப்போதும் இம்மடலை இதே சொற்களில் எழுதுவேன்.

ஆகவே ஆணைக்குழுவிடம் நாங்கள் கேட்பவை இவை. கழிவு செய்யப்பட்ட நூல்கள் அனைத்தின் பட்டியலையும், சேர்க்கைப் பதிவேட்டு எண், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, கழிவு செய்ததற்கான காரணம் ஆகியவற்றோடு கிளை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த முடிவை எடுத்தவர் யார், எந்த ஆணையின்படி எடுத்தார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எழுத்து வடிவிலான நெறிமுறை ஒன்று வரும்வரை மாவட்டத்தின் எந்தக் கிளையிலும், ஊர்ப்புற நூலகத்திலும் நூல்களைக் கழிவு செய்வதை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நெறிமுறையில், ஒரு நூலின் கருத்தோ அதன் பதிப்பகமோ கழிவுக்குக் காரணமாகாது என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். அச்சத்தில் வேலை செய்யும் நூலகர்களுக்கு அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு. மாவட்டத்தில் வேறு பிரதி இல்லாத நூலைக் கழிவு செய்யக் கூடாது. உண்மையிலேயே சிதைந்துபோன நூலாக இருந்தாலும், முதலில் மாவட்ட மைய நூலகத்துக்கும், பிறகு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்கும் தர முன்வந்து, அவர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகே வெளியேற்ற வேண்டும். வாசகர் வட்டத்துக்கு ஒரு மாதம் முன்னதாகப் பட்டியல் தர வேண்டும்.

நாங்கள் கடையிலிருந்து மீட்ட நூல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பைண்டிங் செய்து, பழைய பதிவேட்டு எண்ணிலேயே சேர்க்க வேண்டும். நாங்கள் கொடுத்த எடை விலை எங்களுக்கு வேண்டாம். அரவைக்குப் போனவற்றில் இன்று அச்சில் உள்ளவற்றை நூலக வரி நிதியிலிருந்து வாங்க வேண்டும். அச்சில் இல்லாதவற்றைத் தனியார் சேகரிப்புகளிலிருந்து நன்கொடையாகத் திரட்டித் தர வாசகர் வட்டம் பொறுப்பேற்கிறது. அவற்றை மறுக்காமல் பதிவு செய்யும்படி கிளை நூலகருக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். அந்த அலமாரியைக் கைக்கு எட்டும் உயரத்தில், முன்பு இருந்த இடத்திலேயே வையுங்கள்.

இம்மடலின் படி ஒன்றைப் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். 30 நாள்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தர வேண்டுகிறேன். வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்விகளை வாசகர் வட்ட உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்பார்கள். பொது நூலக இயக்ககத்துக்கும் முறையிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர்